மலை ஏறும் முன் மேப்பை இறக்கிவிடுங்கள்!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது போனில் சிக்னல் போய்விடலாம். வீட்டு வைஃபையிலேயே கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கி வையுங்கள். நாம் நிற்கும் இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள். அதற்கு நெட் வேண்டாம். ஆனால் நெரிசல் நிலவரம் வராது.

காரில் போகிறவர்கள் மேப்பில் பைக் படம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், கார் நுழையாத சந்துகளையும் மேப் பாதையாகக் காட்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

வெயில் படும் டேஷ்போர்டில் போன் சூடேறி அணைந்துவிடலாம். ஏசி காற்று வரும் பக்கம் ஸ்டாண்டை மாட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அபராதம்தான். சார்ஜர் முக்கியம்.

மேப் திடீரென மண்பாதையில் திரும்பச் சொன்னால், பக்கத்து டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.