ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் போகிறவர்களுக்குத் தமிழ் தரும் துணை

வெளிநாட்டில் ஓராண்டு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை நம் பிள்ளைகள் சிலருக்குக் கிடைத்து வருகிறது. உடனே வீட்டில் கம்பளிச் சட்டையும் பருப்புப் பொடியும் தயாராகின்றன. வேண்டியவைதான். ஆனால், "கான்வென்ட்டில் படித்தவள், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, பாடம் நடத்த என்ன பயிற்சி?" என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். பேசத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு. ஜப்பானை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

அங்கு 1987 முதல் 'ஜெட்' என்னும் அரசுத் திட்டத்தில் வெளிநாட்டு இளைஞர்கள் பள்ளிகளில் உதவி மொழியாசிரியர்களாக அமர்த்தப்படுகிறார்கள். பட்டம் வேண்டும். ஒப்பந்தம் ஓராண்டு, நீட்டிப்பும் உண்டு. தனியார் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. 2020 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளிலும் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால், பத்து வயதுக் குழந்தையின் எதிரில் நிற்கவும் நேரும்.

அந்தக் குழந்தை 'பஸ்' என்பதைப் 'பசு' என்று முடிக்கும் (நம் காதுக்குப் பசுமாடு!). 'மில்க்' என்பது 'மிருக்கு' ஆகும். ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவதே காரணம். சிரிக்க நமக்கு உரிமை இல்லை. நம் பாட்டிமார் 'பஸ்ஸு', 'பேங்க்கு' என்றவர்கள்தாம். க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் சொல் முடியாது என்பது நம் இலக்கணம். ஓர் உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அங்கும் அதே கதை. இதை அறிந்த ஆசிரியை குழந்தையைக் கையைத் தட்டச் சொல்வாள்: 'மிருக்கு' மூன்று தட்டு, 'மில்க்' ஒரே தட்டு. வேறுபாடு அப்போது காதில் ஏறும்.

லகரமும் ரகரமும் அவர்களுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ல, ள, ழ, ர, ற எல்லாம் வைத்திருக்கும் நமக்கு இந்தத் துன்பம் எளிதில் விளங்காது. புறப்படுமுன் பக்கத்து வீட்டு இந்திக்காரருக்கு ழகரம் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். நாக்கு எங்கே நிற்கிறது என்று வாயால் விளக்குவது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

வாக்கிய அமைப்பில் நமக்கு இன்னும் வசதி. 'வதாஷி வா ரிங்கோ ஓ தபெமாசு' என்றால் 'நான் ஆப்பிளைத் தின்கிறேன்'. 'ரிங்கோ' ஆப்பிள், 'ஓ' நம் 'ஐ' உருபு, வினை நம்மைப் போலவே கடைசியில். 'தோக்கியோ நி' என்பது 'டோக்கியோவுக்கு'. ஆங்கிலத்திலோ வினை நடுவில் வந்து உட்காருகிறது. 'தி' என்ற சொல்லுக்கு ஈடு அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. ஆகவே குழந்தை அதை விட்டுவிடும்போது, ஏன் விட்டது என்பது தமிழ் தெரிந்தவருக்குப் புரியும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது தோன்றுவது அரிது. மூன்று மாதம், தினம் பத்துத் தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி, எந்தச் சொல் இடம் மாறியது, எது புதிதாக வந்தது என்று நோட்டில் குறித்துவரட்டும். அம்மாவும் கூட உட்காரலாம்.

வகுப்பில் விளக்கம் குறைவாக, செய்துகாட்டுவது அதிகமாக இருக்க வேண்டும். ரயில்வேயில் புதுக் கலாசிகளுக்கு வேலை பழக்கியபோது, அரை மணி சொற்பொழிவைவிட ஸ்பேனரைக் கையில் கொடுத்ததுதான் பலித்தது. நம் ஊர் ரயில் டிக்கெட், ஒரு ரூபாய் நாணயம், குடும்பப் படம் இவற்றை எடுத்துப் போனால் நாலு வகுப்புக்குப் பேச்சு கிடைக்கும்.

பல பள்ளிகளில் மதிய உணவு வகுப்பறையிலேயே, குழந்தைகளோடு. சூப்பில் மீன் சாறு சேர்ப்பது அங்கே சகஜம். சைவர்கள் முன்கூட்டியே பள்ளிக்கு எழுதிவிட வேண்டும்.

காகித விஷயத்தில் தமிழர்களுக்கே உரிய தொல்லை இனிஷியல். பட்டத்தில் 'ஆர். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா ராமநாதன்' என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று அயல்நாட்டு அலுவலருக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பிக்கும் முன்பே பிரமாணப் பத்திரம் தயார் செய்துகொள்ளுங்கள். ஏஜெண்ட் மூலம் போவதானால் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். "முதலில் டூரிஸ்ட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறவரிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.