நீரிறைக்கும் இயந்திரத்தின் நீலப்புகை
கற்பிட்டி மணல் நீரைத் தேக்கி வைப்பதன்று. கோடையில் இயந்திரம் ஓரிரு நாள் நின்றாலும் வெங்காயப் பாத்தி வாடும். ஆகவே டீசல் இயந்திரத்தின் புகையைக் கமக்காரர் நாள்தோறும் கவனித்தல் வேண்டும். குளிர்ந்த இயந்திரம் தொடக்கத்தில் சிறிது வெண்புகை விடுவது இயல்பே. கரும்புகை கண்டால் முதலில் காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குக. நீலப்புகையே கவலைக்குரியது, உராய்வுநீக்கி எண்ணெய் எரிகின்றது என்பது அதன் பொருள்.

உடனே இயந்திரத்தைக் கழற்றுதல் வீண்செலவு. அதனை நிறுத்தி, எண்ணெய் அளவுக்கம்பியைப் பார்க்க. மேற்கோட்டைத் தாண்டி ஊற்றியிருப்பினும் நீலப்புகை வரும். தொடக்கத்தில் மட்டும் தோன்றி மறையுமாயின் வால்வு வழிகாட்டி தேய்ந்திருக்கலாம். நீர் இறைக்கும் நேரம் முழுவதும் நீடித்து, எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாயிலும் புகை வந்து, கைபிடியால் சுழற்றுகையில் அமுக்கமும் தளர்ந்திருப்பின், பிஸ்டன் வளையங்களோ உருளையோ தேய்ந்தன எனக் கொள்ளலாம். கடற்காற்றோடு புகும் நுண்மணல் இத்தேய்வை விரைவுபடுத்தும். வடிகட்டியையும் அதன் குழாய் இணைப்பையும் சீர்செய்யாது வளையத்தை மட்டும் மாற்றினால், புதிய வளையமும் அவ்வாறே தேயும்.