பருத்திக்கு டி.ஏ.பி. கரைசல்

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்ததிலிருந்து, உரம்னாலே நமக்கு அந்த நெடிதான் ஞாபகம். அந்த அம்மோனியாவும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்ததுதான் டி.ஏ.பி.

சொந்த ஊரில் பருத்தி போட்டிருப்பவர்களுக்கு இது உதவும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்து கட்டிக்கொள்ளும், வேருக்கு எட்டாது. அதனால்தான் இலைவழியும் கொடுக்கிறோம். சப்பை உதிருதுன்னா முதலில் பூச்சி இருக்கான்னு பாருங்க, வீணா உரத்துக்குக் கடன் எடுக்காதீங்க.

ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல்நாளே 20 லிட்டர் தண்ணீரில் ஊறப்போடணும். மறுநாள் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் சாயங்காலம் தெளிக்கணும். அளவு கூடினா இலை கருகும். இலை குடிப்பது கொஞ்சம்தான், அடியுரத்தை நிறுத்திடாதீங்க. வண்டல் தெளிப்பானை அடைக்கும். அதை வயலிலேயே கொட்டுங்க.