போனில் கடை போடுமுன்: அச்சிடும் பக்கங்களை விற்க ஆயத்தமாவோம்



சில மாதங்களுக்கு முன் ஒரு சம்பள நாளன்று, கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா எம்மை நிறுத்தினார். "ஐயா, நம்ம மக ஏ.எல். முடிச்சிட்டு வீட்டுல இருக்குது. போன்ல கடை போடப் போறேன், லெப்டொப் வாங்கித் தாங்கங்குது. காதுல கெடக்கிற தோட்ட அடகு வச்சிக் குடுக்கவா, வேணாமாங்க ஐயா?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய லயத்துக்குப் போய், மகளோடு உட்கார்ந்து பேசினோம். அன்று பேசியதையும் பிறகு செய்து பார்த்ததையும் இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். பிள்ளைகள் வாசித்து, பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இது என்ன வியாபாரம்?

அந்தத் தங்கச்சி விற்க நினைத்தது சாமான் அல்ல, பக்கங்கள். முதலாம் தரத்துப் பிள்ளை எழுத்துப் பழகும் பயிற்சிப் பக்கம், பெருக்கல் வாய்ப்பாடு, வீட்டுச் செலவுக் கணக்குத் தாள், கலியாண அழைப்பிதழ் மாதிரி என்று பல வகை உண்டு. இவற்றைக் கணினியிலோ போனிலோ ஒரு தடவை செய்து, பீ.டி.எப். கோப்பாக வைத்துக் கொள்வார்கள். வாங்குகிறவர் காசு கட்டியதும் கோப்பை அனுப்புவார்கள். அவர் தமக்குப் பக்கத்திலுள்ள கொமியூனிகேஷன் கடையில் அச்சடித்துக் கொள்வார்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லாமல், கடிதம் தோட்டத்து ஒப்பீசில் கிடந்து காலம் கடந்து கைக்கு வந்த கதை நமக்குத் தெரியாததல்ல. பார்சல் அனுப்பி வியாபாரம் செய்வதென்றால் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். இந்தப் பக்கங்களுக்குத் தபாலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். சரக்கு வாங்கிக் குவிக்க முதலும் தேவையில்லை. ஒரு பக்கத்தை நூறு பேருக்கு விற்றாலும் அது தீர்ந்து போகாது.

ஆனால் ஒன்றைச் சொல்லி வைக்கிறோம். முதல் தேவையில்லாத தொழில் என்றால் உழைப்பும் தேவையில்லை என்று அர்த்தமல்ல. ஆயத்தம் இல்லாமல் இறங்கினால் காசு போகாவிட்டாலும் காலம் போகும். கடன் வாங்கி இறங்கினால் இரண்டும் போகும்.

முதலாவது ஆயத்தம்: யாருக்கு, என்ன?

"என்ன விக்கப் போற?" என்று கேட்டதற்கு, "எல்லாம் விப்பேங்க" என்றது அந்தப் பிள்ளை. எல்லாம் விற்கும் கடைக்கு டவுனில் பெரிய முதலாளிகள் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஒன்றைத்தான் நாம் எடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட பக்கங்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில், அதுவும் நம் இலங்கைப் பிள்ளைகள் படிக்கிற முறைக்கு ஏற்றபடி செய்வதென்றால் நாமே செய்யலாம். அந்தத் தங்கச்சி சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் சில மாதம் உதவிக்கு இருந்தவர். சின்னப் பிள்ளைகள் எந்த எழுத்தில் தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே எழுத்துப் பயிற்சிப் பக்கம் என்று முடிவு செய்தோம்.

தமிழில் மொத்தம் 247 எழுத்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31 எழுத்துக்கும் முதல் தொகுதி. உயிர்மெய் 216ஐயும் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டாவது ஆயத்தம்: வாங்குகிறவர் செலவைப் பார்ப்பது

முதலில் அந்தப் பிள்ளை எழுத்துக்கு ஒரு பக்கமாக 31 பக்கம் செய்தது. ஓரமெல்லாம் பூவும் வண்ணமும். பார்க்க அழகுதான். கொமியூனிகேஷன் கடையில் கேட்டால் கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம் 20 ரூபா என்றார்கள். 31 பக்கத்துக்கு 620 ரூபா. கலரில் அடித்தால் இன்னும் கூட.

இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். வாங்குகிறவர் இரண்டு தடவை காசு கொடுக்கிறார். ஒரு தடவை நமக்கு, இன்னொரு தடவை அச்சடிக்கிற கடைக்கு. நாம் 200 ரூபாவுக்குக் கொடுத்தாலும் அவருக்கு அது 820 ரூபா ஆகிவிடும். அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு புத்தகமே வாங்கிவிடலாமே என்று நினைப்பார்.

ஆகவே ஒரு பக்கத்துக்கு இரண்டு எழுத்து என்று மாற்றினோம். 31 எழுத்து 16 பக்கத்தில் அடங்கியது. கடைசிப் பக்கத்தில் மிஞ்சிய பாதியில், பிள்ளை தன் பெயரை எழுதிப் பழக இடம் விட்டோம். வண்ணத்தை எடுத்துவிட்டு, கோட்டுப் படம் மட்டும் வைத்தோம். பிள்ளையே வண்ணம் தீட்டலாம். இப்போது அச்சுச் செலவு 320 ரூபா.

மூன்றாவது ஆயத்தம்: வேலையைச் சுத்தமாகச் செய்வது

லெப்டொப் இல்லாமல் முடியாதா? முடியும். கன்வா போன்ற செயலிகள் போனிலேயே இயங்கும், இலவசப் பகுதியும் உண்டு. கணினி கிடைத்தால் லிப்ரே ஒப்பீஸ் என்ற இலவச மென்பொருள் போதும். அந்தத் தங்கச்சி போனில் செய்து, வாரத்தில் ஒரு நாள் வாசிகசாலைக் கணினியில் திருத்தியது. கவனிக்க வேண்டியவை இவை:

1. தாளின் அளவு. நம் நாட்டில் பாவிப்பது ஏ4. அது 210 மில்லிமீற்றர் அகலம், 297 மில்லிமீற்றர் உயரம். அமெரிக்காவில் லெற்றர் என்ற வேறு அளவு பாவிக்கிறார்கள். அது கொஞ்சம் அகலம் கூட, உயரம் குறைவு. அளவு மாறினால் ஓரம் வெட்டுப்படும்.

2. தெளிவு. படமாகச் செய்தால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைக்க வேண்டும். ஏ4 தாளுக்கு அது 2480க்கு 3508 புள்ளி. குறைந்தால் போனில் நன்றாகத் தெரியும், தாளில் மங்கிப் போகும்.

3. எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரியும். யுனிகோட் எழுத்துருவே நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை இலவசமாக எடுத்து, விற்கும் வேலைக்கும் பாவிக்கலாம். முடிந்ததும் பீ.டி.எப். ஆக மாற்றி, வேறு இரண்டு போனில் திறந்து பார்க்க வேண்டும்.

4. எழுத்துப் பிழை. லகர ளகர ழகரம், ரகர றகரம், னகர ணகரம் பார்த்து, பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்த வேண்டும். பிள்ளை பழகும் பக்கத்தில் ஒரு பிழை இருந்தால், அது எத்தனை பிள்ளைகளின் கைக்குப் போகும் என்று யோசியுங்கள்.

கொழுந்தில் முற்றல் இலை கலந்தால் தராசடியிலேயே கழித்துவிடுவார்கள். நம் பக்கத்தையும் அப்படிக் கழித்துப் பார்த்துத்தான் வெளியே விட வேண்டும்.

நான்காவது ஆயத்தம்: அடுத்தவர் சொத்தைத் தொடாமல் இருப்பது

பாடப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கப் பாடப் புத்தகம் 1980 முதல் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இலவசமாகக் கிடைத்ததை விற்பது முறையல்ல, சட்டத்துக்கும் விரோதம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒருவர் எழுதியதும் வரைந்ததும் அவருக்கே உரியது. அவர் வாழும் காலமும், இறந்த பின் 70 ஆண்டும் அந்த உரிமை இருக்கும். கார்ட்டூன் பொம்மைகளும் சினிமாப் படங்களும் இப்படித்தான். செயலியில் கிடைக்கும் படத்தைக்கூட அப்படியே எடுத்து விற்க இடமில்லாமல் இருக்கலாம், அதன் நிபந்தனையை வாசிக்க வேண்டும்.

அந்தத் தங்கச்சியின் தம்பி நன்றாக வரைவான். அ என்றதற்கு அணில், ஆ என்றதற்கு ஆடு, இ என்றதற்கு இலை என்று அவனே வரைந்து கொடுத்தான். அந்த இலை தேயிலைக் கொழுந்து! அதைப் பார்த்து வாங்கியவர்களும் உண்டு.

ஐந்தாவது ஆயத்தம்: காசு எப்படி வரும்?

வெளிநாட்டுக்காரர் வீடியோவைப் பார்த்து, டொலர் கொட்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எட்சி என்று ஓர் அமெரிக்க இணையச் சந்தை 2005 முதல் நடக்கிறது. அங்கே ஒரு பொருளை நாலு மாதம் வைக்க 20 சதம், அமெரிக்கக் காசில். விற்றால் நூற்றுக்கு 6.5 கழிவு. காசு கைமாற வேறு கட்டணம். இவையெல்லாம் போகத்தான் நமக்கு. பேபால் என்ற பணச் சேவையும் நம் நாட்டில் பல ஆண்டுகள் காசு கட்ட மட்டுமே உதவியது, வாங்க உதவவில்லை. ஆகவே எந்த வெளிநாட்டுச் சந்தையானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இலங்கையில் உள்ளவர் அங்கே கடை திறக்கலாமா? அந்தக் காசு நம் வங்கிக் கணக்குக்கு வந்து சேருமா? இரண்டுக்கும் ஆமென்று தெரியாமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

முதலில் உள்நாட்டிலேயே விற்றுப் பழகுவோம். வட்ஸ்அப், பேஸ்புக்கில் மாதிரிக்கு ஒரு பக்கத்தைச் சும்மா கொடுக்கலாம். பிடித்தவர்கள் வங்கிக் கணக்குக்குக் காசு போடுவார்கள். பிள்ளையின் பெயரிலேயே அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். மாமா கணக்கு, சிநேகிதி கணக்கு வேண்டாம். கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் விசாரித்து வியாபாரப் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள்.

ஏமாறாமல் இருக்க

காசு கட்டிய ரசீது என்று பொய்ப் படம் அனுப்புவார்கள். வங்கிக் கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. "பதிவுக் கட்டணம் கட்டுங்க, வீட்டிலிருந்தே மாதம் இலட்சம் உழைக்கலாம்" என்பார்கள். வியாபாரம் சொல்லித் தருகிறவரின் வருமானம் அந்த வியாபாரத்திலிருந்து வருகிறதா, உங்கள் கட்டணத்திலிருந்து வருகிறதா என்று ஒரு தடவை யோசியுங்கள். அதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலில் வந்து நிற்பார், டொலர் வந்து நிற்காது.

அந்த வீட்டுக் கணக்கு

கொழுந்து நிறுத்ததும் கிலோவைத் துண்டில் பார்த்துக் கொள்கிறோம் அல்லவா? அதுபோல ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதச் சொன்னோம். அந்தத் தங்கச்சியின் கொப்பியில் உள்ளதை அவர் சம்மதத்துடன் தருகிறோம்.

பார்வைக்கு மூன்று தடவை அச்சடித்தது, 48 பக்கம்: 960 ரூபா. போன் டேட்டா: 500 ரூபா. மொத்தச் செலவு 1,460 ரூபா.

தொகுதியின் விலை 200 ரூபா. முதல் மாதம் வாங்கியவர் 4 பேர், வரவு 800 ரூபா. இரண்டாம் மாதம் 7 பேர், வரவு 1,400 ரூபா. மொத்த வரவு 2,200 ரூபா. மிச்சம் 740 ரூபா.

இரண்டு மாதப் பாட்டுக்கு 740 ரூபா! மலையில் ஒரு நாள் சம்பளத்துக்கும் காணாது. முதல் மாத முடிவில் அந்தப் பிள்ளை அழுதது என்று தாயார் சொன்னார். மறைக்காமல் சொல்கிறோம், தொடக்கம் இப்படித்தான் இருக்கும். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 16 பக்கமும் செய்து முடிந்துவிட்டது. இனி அதை வாங்குகிறவர் கொடுக்கும் 200 ரூபாவில் டேட்டாச் செலவு போக மீதி இலாபம். இப்போது உயிர்மெய் எழுத்துகளின் முதல் தொகுதி நடக்கிறது. வாங்கியவர்களில் ஒரு ஆசிரியை, கழித்தல் கணக்குப் பக்கமும் கேட்டிருக்கிறார். லெப்டொப்பை இந்தக் காசு சேர்ந்த பிறகு வாங்குவதாக வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள்.

போன கிழமை அந்த அம்மாவை மறுபடி கண்டோம். தோடு காதிலேயே இருந்தது. "நல்லவேளைங்க ஐயா, கழட்டல" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கடை போட நினைத்தால் தடுக்காதீர்கள். கடனும் வாங்காதீர்கள். பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். கொப்பியையும் பேனாவையும் எடுத்துக் கொண்டு நலன்புரி ஒப்பீசுக்கும் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வீட்டில் கலந்து பேச

1. நம் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த விசயம் எது? அது யாருக்கு உதவும்?
2. வாங்குகிறவருக்கு அச்சுச் செலவோடு மொத்தம் எவ்வளவு ஆகும்?
3. இதில் அடுத்தவர் எழுதியதோ வரைந்ததோ ஏதாவது இருக்கிறதா?
4. கடனும் அடகும் இல்லாமல், நம் கைக்காசில் எவ்வளவு செலவு செய்யலாம்?
5. மூன்று மாதம் இலாபம் வராவிட்டாலும் வீடு நடக்குமா?