ஒரு மொழி எப்படி மறைகிறது?



மொழி ஒரே இடத்தில் நிற்கிற பொருள் அல்ல. காலையில் போகிற பெரட்டுக் களத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் பெரட்டு ஆனது. ‘லைன்’ லயமானது. கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயரிடம் வாங்கியவை. கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போனது. நாமும் சும்மா இருக்கவில்லை. நம்ம கங்காணி ஆங்கில அகராதிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்! இப்படி வாங்குவதாலும் கொடுப்பதாலும் மொழி அழிவதில்லை. லயத்துப் பேச்சு பிழையான தமிழ் என்று வெட்கப்படுகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்படியானால் எப்படி அழிகிறது? நம்மைப் போலத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களுக்குத் தென்னாபிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1860 ஒக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16ஆம் திகதி டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். 1911 வரை கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். சென்னையில் ஏறியவர்கள் தமிழும் தெலுங்கும் பேசினார்கள்; கல்கத்தாவில் ஏறியவர்கள் போஜ்புரி போன்ற மொழிகளைப் பேசினார்கள். பக்கத்து வீட்டோடு பேசவே பொதுவாக ஒரு மொழி தேவைப்பட்டது.

பிறகு பாடசாலை வந்தது. படிப்பு ஆங்கிலத்தில். வீட்டில் தாய் தமிழில் கேட்பாள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். “விளங்குதுதானே, போதும்” என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தாயானபோது, தன் குழந்தையைக் கொஞ்ச அவளுக்கு ஆங்கிலம்தான் வாயில் வந்தது. பாட்டி பேசுவாள், மகளுக்கு விளங்கும், பேரனுக்கு விளங்காது. மூன்றே தலைமுறை. தமிழ் பேசாதே என்று அந்த வீட்டில் யாரும் பிரம்பெடுத்து நிற்கவில்லை.

இன்று அங்கே தமிழ்ப் பெயர் இருக்கிறது, காவடி இருக்கிறது, மாரியம்மனுக்குக் கூழ் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேகூட, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் உண்டு. ஆனால் அடுப்படிப் பேச்சு ஆங்கிலம்.

மலையகத்தில் அப்படி நடக்காததற்குக் காரணம் உண்டு. கங்காணிமார் ஊரையும் உறவையும் சேர்த்தே கூட்டி வந்தார்கள். லயம் முழுக்க ஒரே பேச்சு. கடல் குறுகியது, ஊருக்குப் போய்வர முடிந்தது. தோட்டப் பாடசாலையில் எத்தனை குறை இருந்தாலும் படிப்பு தமிழில் நடந்தது.

இப்போது நம் பிள்ளைகள் பலர் கொழும்பில் வீடெடுத்திருக்கிறார்கள். அங்கே பக்கத்து வீட்டுப் பேச்சு வேறு. சிங்களமும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கட்டும். அது இல்லாமல் உத்தியோகம் கஷ்டம். மூன்று மொழி ஒரு பிள்ளைக்குப் பாரமே இல்லை. ஆனால் பேரப்பிள்ளை லீவுக்கு வரும்போது, அப்பாயியோ அம்மாயியோ தமிழில் கேட்டால் அது எந்த மொழியில் பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். வேறு மொழியில் சொன்னால் ஏசாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். அதே கேள்வியைத் தமிழிலேயே திரும்பக் கேளுங்கள். மலைக்குக் கூட்டிப்போய்க் கொழுந்தைக் காட்டி, “இதுக்கு என்னா பேரு?” என்று கேளுங்கள். ‘லீஃப்’ என்றால் சிரித்துவிட்டு நம்ம பேரைச் சொல்லிக்கொடுங்கள்.