கிளைடரை ஏவும் ரப்பர் சாதனம்: தேர்ந்தெடுக்கும் முறை

எஞ்சின் இல்லாத மாதிரி கிளைடர் வானில் மிதக்க வேண்டுமாயின், முதலில் அதற்கு உயரம் வேண்டும். ரேடியோ அலைகளால் இயக்கப்படும் கிளைடருக்கு அவ்வுயரத்தைக் குறைந்த செலவில் அளிக்கவல்லது ரப்பர் ஏவு சாதனமாகும். நிலத்தில் அறையப்பட்ட முளை, அதனுடன் பிணைத்த ரப்பர்க் குழாய், குழாயின் மறுமுனையில் நைலான் நூல், நூலின் நுனியில் சிறு பாரசூட், வளையம் ஆகியன இதன் உறுப்புக்கள். வளையத்தைக் கிளைடரின் அடியிலுள்ள கொக்கியில் மாட்டி, ரப்பரை நீட்டிவிட்டுக் கிளைடரை விடுவித்தால், அது பட்டம்போல் மேலேறும். ரப்பர் தளர்ந்ததும் வளையம் கழன்றுவிடும்.

பருமனும் நீளமும்

நீளத்தை மட்டும் கருதிக் குழாய் வாங்கலாகாது. ஒரே வகை ரப்பரை ஒரே விகிதத்தில் நீட்டும்போது, இழுவிசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பையே பொறுத்தது. 15 மீட்டர் குழாயை 45 மீட்டராகவும், அதே வகைக் குழாயில் 30 மீட்டரை 90 மீட்டராகவும் நீட்டினால், இரண்டிலும் விசை ஒன்றே. ஆனால் பின்னதில் அவ்விசை இருமடங்கு தொலைவுக்குச் செயற்படுவதால், சேமிக்கப்படும் சக்தியும் இருமடங்காகிறது. இரு குழாய்களை இணையாகக் கட்டினாலோ விசையே இருமடங்காகும்.

தக்க விசை

கிளைடரின் எடையைப்போல் 3 முதல் 5 மடங்கு இழுவை பொதுவாகப் போதுமானது. 1 கிலோகிராம் எடையுள்ள கிளைடருக்கு வில் தராசு 3 முதல் 5 கிலோகிராம் வரை காட்ட வேண்டும். விசை குறைந்தால் கிளைடர் போதிய வேகமின்றி நிலைகுலையும். மிகுந்தால் இறக்கை முறியக்கூடும். ஏறும்போது இறக்கை தன் சுமையுடன் நூலின் இழுவையையும் தாங்குகிறது என்பதை நினைவிற்கொள்க. எதிர்காற்று வலுத்திருக்கும்போது ரப்பரைக் குறைவாகவே நீட்டுதல் வேண்டும்.

திடலின் அளவு

15 மீட்டர் குழாயையும் 60 மீட்டர் நூலையும் கொண்ட சாதனத்தில், குழாயை மும்மடங்காக நீட்டும்போது முளையிலிருந்து 105 மீட்டர் தொலைவு தேவை. 30 மீட்டர் குழாய்க்கும் 120 மீட்டர் நூலுக்கும் 210 மீட்டர் தேவை. சிறு திடல் உள்ள பள்ளிகளுக்கு முன்னதே ஏற்றது.

பாதுகாப்பு

முளை பிடுங்கிக்கொண்டால், அது இழுப்பவரை நோக்கியே பாயும். ஆதலின் முளையை இழுவைக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து ஆழமாக அறைந்து, பின்னால் இரண்டாவது முளையுடனும் பிணைத்தல் நன்று. ஏவும் வேளையில் நூலின் அருகே எவரும் நிற்றலாகாது. கொக்கி, ஈர்ப்பு மையத்திற்குச் சற்று முன்னால் அமைதல் வேண்டும்; பின்னால் அமைந்தால் கிளைடர் பக்கவாட்டில் திரும்பிக் கட்டுமீறும். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, பறக்கவிடும் இடத்தின் வான்வெளி மண்டலத்தையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

பராமரிப்பு

வெயில், ஓசோன், எண்ணெய் ஆகியவை இயற்கை ரப்பரைச் சிதைப்பன. உபயோகித்தபின் குழாயைத் துடைத்து, டால்க் தூள் தூவி, இருண்ட குளிர்ந்த இடத்தில் தளர்வாகச் சுருட்டி வைக்க வேண்டும். வெடிப்புக் கண்ட குழாயை உடனே விலக்குக.

மாணவர் பயிற்சி

1 மீட்டர் ரப்பர்த் துண்டு ஒன்றைப் படிப்படியாக நீட்டி, ஒவ்வொரு நிலையிலும் வில் தராசின் அளவைக் குறித்து வரைபடம் வரைக. கோடு நேராக அமையாமல் வளைவதன் காரணத்தை வகுப்பில் ஆராய்க.