மஞ்சள் றோசா: அழகும் பலவீனமும்

நறுமணமுள்ள மஞ்சள் றோசா சிறு முற்றத்திலும் நன்கு வளரும். ஆயினும், ஆசையாக நட்ட செடி ஓரிரு வருடங்களில் இலையுதிர்ந்து வெறும் தடியாக நிற்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். காரணம் என்ன?

பிரான்சின் லியோன் நகரத்தவரான யோசப் பெர்னே-டுஷே, பாரசீக மஞ்சள் றோசாவைக் கலந்து உருவாக்கிய இனத்தை 1900இல் வெளியிட்டார். இன்றைய ஹைபிரிட் டீ மஞ்சள் றோசாக்களிற் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. நிறத்தோடு, கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் குணமும் வந்து சேர்ந்தது. இலையில் ஈரம் ஏழு மணித்தியாலமளவில் தங்கினால் இந்நோய்ப் பங்கசு தொற்றும். எனவே மருந்து தேடுமுன் இலையை உலர்வாக வைத்திருக்கப் பழகுவோம்.

1. எல்லா மஞ்சள் றோசாவும் மணப்பதில்லை. பூவை முகர்ந்து பார்த்தே கன்று வாங்குவோம்.

2. ஆறு மணித்தியாலமாவது வெயிலும், காற்றோட்டமும் உள்ள இடத்தைத் தெரிவோம். கூரைத் தண்ணீர் விழும் இடம் ஆகாது.

3. ஒன்றரை அடிக் குழியில் மண்ணுடன் உக்கிய மாட்டெரு கலந்து, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலிருக்க நடுவோம்.

4. காலையில், அடியில் மட்டும் நீரூற்றுவோம்.

5. புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரிப்போம். கூட்டெருக் குழியில் இடலாகாது.

6. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைத் தோன்றும் இடத்திலேயே பிய்த்தெடுப்போம். விட்டால் அடிக்கட்டைச் செடியே ஓங்கி, ஒட்டிய றோசா மடிந்துவிடும்.

7. பூத்து முடிந்த கிளையை வெளிநோக்கிய அரும்புக்குச் சற்று மேலே சரிவாக வெட்டுவோம். செடியின் நடுவே காற்று நுழையும்.

பலவீனத்தை அறிந்து பராமரிப்பதே வளர்ப்பு. பிடுங்கி எறிவது எளிது.

சிந்தனைக்கு: பலவீனத்தை மட்டும் கண்டு, நம் குடும்பத்திலும் கிராமத்திலும் யாரை ஒதுக்கிவிட்டோம்?